பாட்டுக் கேட்டுப் பயிர் வளருமா?

(பண்ணை வானொலிப் பேச்சு)



பயிருக்குப் பாட்டுப் போட்டால் நன்றாக வளருமாமே, அது நிஜமா? டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி எழும்பும். "ஆமாங்க, பேப்பர்லயே போட்டிருந்தான்" என்பார் ஒருத்தர். "காது இல்லாத பயிருக்குப் பாட்டு எதுக்குய்யா?" என்பார் இன்னொருத்தர். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியிலும் இது ஓயாத விஷயம். ஒரு தொட்டிக்கு வீணை, ஒரு தொட்டிக்கு இரைச்சல், ஒன்றுக்கு ஒன்றுமில்லை என்று மூன்று தொட்டிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள்.

1960களில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வானொலியில் கேட்டு ஜனங்கள் அதைப் பயிர் செய்தார்கள், அதனால் அந்தப் பேர். அங்கே ரேடியோ கேட்டது விவசாயி, நெல் இல்லை. ஆனால் அதே 1960களில் நம் சிதம்பரத்திலிருந்து கிளம்பி, வயலில் ஒலிபெருக்கி கட்டி, நெல்லுக்கே பாட்டுப் போட்டுப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கதையையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த சோதனைகளையும் இன்று சொல்லப் போகிறேன்.

கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு புதுச் சமாச்சாரம் நம் வயலுக்கு நல்லதா, வெறும் பேச்சா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது இந்தக் கதைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அது தெரியாமல் போனால் நஷ்டம் நம் கைக்காசு.

ஓடைச் சக்கரத்தில் அவரை விதை

முதலில் பாட்டை விட்டுவிட்டு அசைவைப் பார்ப்போம். இங்கிலாந்து தேசத்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்று ஒருவர் இருந்தார். நிலபுலம் உள்ளவர். ஆப்பிள் மரங்களிலும் தோட்டப் பயிர்களிலும் விடாமல் சோதனை செய்து பார்த்தவர். விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழேயும் முளை மேலேயும் போகிறதே, அது எப்படி என்று அவருக்கு ஒரு கேள்வி. நாமும் தினம் பார்க்கிறோம். தலைகீழாக விழுந்த விதையும் வேரைத் திருப்பிக்கொண்டு மண்ணுக்குள்தான் விடுகிறது.

1806ஆம் வருஷம் அவர் இதற்கு ஒரு சோதனையை வெளியிட்டார். தோட்டத்து ஓடைத் தண்ணீர் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரம். அதன் விளிம்பில் ஊறவைத்த அவரை இன விதைகளைப் பல திக்கிலும் திருப்பிக் கட்டினார். சக்கரம் நிமிஷத்துக்கு 150 சுற்று வரை சுற்றியது. சில நாளில் விதை முளைத்தது. என்ன ஆச்சு தெரியுமா? எப்படிக் கட்டிய விதையானாலும் சரி, வேர் எல்லாம் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் போயிற்று. முளை எல்லாம் நடு அச்சைப் பார்த்து வளர்ந்தது.

தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கீழே கொட்டாது, வாளியின் அடியோடு ஒட்டிக்கொண்டு வெளியே தள்ளும். அந்தத் தள்ளல்தான் இதுவும். சுற்றுகிற சக்கரத்தில் இருந்த விதைக்கு 'கீழே' என்றால் வெளிப்பக்கம். ஆக, வேருக்கு வழி காட்டுவது பூமி இழுக்கும் இழுப்பு என்று தெளிவாயிற்று. பயிருக்குக் கண் இல்லை, காது இல்லை. ஆனால் இழுப்பும் அசைவும் அதற்குத் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பியானோ மேல் மண்புழு

அதே நாட்டில் பிறகு வந்தவர் சார்லஸ் டார்வின். பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறர் சிரிக்கும்படியான சோதனையைக்கூடச் செய்து பார்க்கத் தயங்காதவர். அவருடைய மகன் பிரான்சிஸ், பஸ்ஸூன் என்ற பெரிய குழல் வாத்தியம் வாசிப்பார். நம் நாகஸ்வரம் போல வாயால் ஊதுகிற ஜாதி, ஆனால் குரல் கனத்த குரல். அதை ஒரு செடிக்குப் பக்கத்தில் வாசிக்கச் சொல்லிப் பார்த்தார் டார்வின். பலன் ஒன்றுமில்லை. 1880இல் அவரும் மகனும் சேர்ந்து செடிகளின் அசைவைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்கள்.

அடுத்த வருஷம், 1881இல், மண்புழுவைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. நமக்கு வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, தொட்டி மண்ணில் புழுவை விட்டு விசில் ஊதினார், பஸ்ஸூனைப் பலமாக ஊதச் செய்தார், கத்தினார், பக்கத்தில் பியானோ வாசிக்கச் செய்தார். புழு அசையவே இல்லை, செவிட்டுப் பிறவி. பிறகு அதே தொட்டியைத் தூக்கி பியானோவின் மேலேயே வைத்தார். ஒரு கட்டையை அழுத்தினார்கள். உடனே புழு வளைக்குள் ஓடி ஒளிந்தது.

கவனித்தீர்களா? காற்றில் வந்த நாதம் அதற்கு எட்டவில்லை. தொட்டி வழியாக, மண் வழியாக வந்த அதிர்வு எட்டியது. நாதம் என்பதே ஓர் அசைவுதானே! தவில் தோலின் மேல் நாலு அரிசியைப் போட்டுத் தட்டிப் பாருங்கள், அரிசி குதிக்கும். அந்தத் துடிப்புதான் காற்றில் ஏறி நம் காதுக்கு வருகிறது.

நம் நாட்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இந்த வழியில் பெரிய வேலை செய்தார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். தொட்டால், சுட்டால், மின்சாரம் பட்டால் செடி எப்படிச் சுருங்கி விரிகிறது என்று தொட்டாற்சுருங்கியிலும் தொழுகண்ணியிலும் அளந்து காட்டினார். 1917இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் கட்டினார். போஸ் பாட்டுப் பாடிச் செடி வளர்த்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அவருக்குப் புகழ் தந்தது பாட்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாத அசைவை அளந்ததுதான் அவர் பெருமை.

சிதம்பரத்தில் வீணை

இனி நம்ம ஊர்க் கதை. 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் டி.சி.என். சிங். குளத்தில் கிடக்கும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை நுண்பெருக்கியில் வைத்தால், அதன் உயிரணுவுக்குள்ளே சாறு சுற்றி ஓடுவது தெரியும். பக்கத்தில் சத்தம் எழுப்பினால் அந்த ஓட்டம் வேகப்படுமா என்று பார்க்க அவருக்கு ஆசை வந்தது. மின்சாரத்தில் அதிரும் இசைக்கவை ஒன்றை வைத்துப் பார்த்தார். ஓட்டம் கூடியது என்று கண்டார். பிறகு தம் உதவியாளரோடு சேர்ந்து வயலின் வாசித்து, தொட்டாற்சுருங்கியிலும் காசித்தும்பையிலும் சோதனை செய்து அறிக்கை கொடுத்தார்.

இந்தச் சோதனைகளை உலகம் பூராவும் பரப்பியது, 1973இல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகம். செடிகளின் ரகசிய வாழ்க்கை என்பது அதன் பேருக்குப் பொருள். அதில் சொல்லியிருக்கிற கணக்கு இது: தினம் 25 நிமிஷம் வீணையில் கரகரப்பிரியா கேட்ட காசித்தும்பைச் செடிகளில் இலை 72 சதவீதம் அதிகம், உயரம் 20 சதவீதம் அதிகம். 1960 முதல் 1963 வரை சென்னை ராஜ்யத்திலும் பாண்டிச்சேரியிலும் ஏழு கிராமங்களில் ஆறு நெல் ரகத்துக்கு ஒலிபெருக்கியில் சாருகேசி ராகம் போட்டார்கள். விளைச்சல் அந்த வட்டாரத்துச் சராசரியைவிட 25 முதல் 60 சதவீதம் வரை கூடியது.

இன்னொன்றும் அதில் உண்டு. பக்கவாத்தியம் இல்லாமல், காலில் சலங்கையும் கட்டாமல், செடிகளுக்குப் பக்கத்தில் பெண்கள் பரதநாட்டியம் ஆடினார்களாம். செண்டுமல்லியும் வேறு சில பூச்செடிகளும் இரண்டு வாரம் முன்னாலேயே பூத்ததாம். பாட்டே இல்லாமல் பூத்தது எப்படி? காலடி தரையில் பட்ட அதிர்வு மண் வழியாகப் போயிருக்கலாம் என்பது அங்கே சொல்லப்பட்ட விளக்கம். டார்வினின் மண்புழு ஞாபகம் வருகிறதா?

சரி, இப்போது நீங்கள் விவசாயியாக யோசித்துப் பாருங்கள். 'வட்டாரத்துச் சராசரியைவிட 60 சதவீதம் அதிகம்' என்றால் என்ன அர்த்தம்? சராசரியில் எல்லா வயலும் சேர்ந்திருக்கும். கடைமடை வயலும் உண்டு, தண்ணீர் எட்டாத மேட்டு வயலும் உண்டு, களை எடுக்காமல் விட்ட வயலும் உண்டு, உரம் வாங்க வழியில்லாதவர் வயலும் உண்டு. ஒலிபெருக்கி கட்டின வயலோ எல்லோரும் வந்து பார்க்கிற வயல். பல்கலைக்கழகத்திலிருந்து வரப்புக்கு ஆள் வந்தால் எந்த விவசாயிதான் களையை விட்டு வைப்பார்? பாட்டு இல்லாவிட்டாலும் அந்த வயல் சராசரியைத் தாண்டியிருக்கக்கூடும். ஆக, கூடின விளைச்சலில் பாட்டுக்கு எத்தனை பங்கு, நிலத்துக்கும் கைப்பாட்டுக்கும் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சிங் கேட்ட கேள்வியில் குற்றமில்லை. துணிச்சலான கேள்விதான். ஆனால் அவர் வயலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி வயல் வேண்டியிருந்தது. அதே மண், அதே விதை, அதே தண்ணீர், அதே கை. பாட்டு மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஜோடி வயல் இல்லாமல் கணக்கு நிற்காது.

நியூயார்க்கில் செண்டுமல்லி

இந்தச் செய்தி கடல் தாண்டிப் போயிற்று. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் கிளைன், எட்சால் என்று இரண்டு பேர், சிங் சொன்னதைச் சரிபார்ப்போம் என்று கிளம்பினார்கள். எடுத்துக்கொண்ட செடி நமக்குப் பழக்கமான செண்டுமல்லி. மாதா கோயில் பழங்காலக் கீதம், மொசார்ட் என்ற மேதையின் சங்கீதம், ஜாஸ், பீட்டில்ஸ் கோஷ்டியின் ஆட்டப் பாட்டு என்று விதவிதமாகப் போட்டார்கள். 1965இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பாட்டும் செண்டுமல்லியின் வளர்ச்சியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 'துணி அவிழ்க்கிற ஆட்டக்காரி' என்று பொருள்படும் பேர் கொண்ட ஒரு இசையையும் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு எந்தச் செடியும் இலையை உதிர்க்கவில்லை என்று அறிக்கையிலேயே வேடிக்கையாக எழுதி வைத்தார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லீங்க. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் டோரதி ரெட்டாலக் என்ற அம்மாள் டெம்பிள் பியூல் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு படிக்க வந்தவர், நல்ல பாடகி. உயிரியல் வகுப்பில் எல்லோரும் ஒரு சோதனை செய்ய வேண்டும். அவர் செடியையும் சங்கீதத்தையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு கூண்டுச் செடிகளுக்கு ஒரே ஸ்வரத்தைத் தினம் எட்டு மணி நேரம் விடாமல் ஒலிக்க வைத்தார். இரண்டு வாரத்தில் அந்தச் செடிகள் செத்துப் போயின. இன்னொரு கூண்டில் தினம் மூன்று மணி நேரம், விட்டு விட்டு. அவை சத்தமே கேட்காத செடிகளைவிடச் செழித்தன. பிறகு ஒரு கூண்டுக்கு ராக் என்ற இரைச்சல் சங்கீதம், இன்னொன்றுக்கு மெல்லிய சங்கீதம். ராக் கேட்ட செடிகள் ஒலிபெருக்கியை விட்டு விலகிச் சாய்ந்தன, நம் ரவிசங்கரின் சிதார் கேட்ட செடிகள் ஒலிபெருக்கியைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி 60 டிகிரிக்கு மேல் சாய்ந்தன என்று அவர் எழுதினார். சிதார் ஜெயித்தது என்று கேட்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. டெலிவிஷனில் காட்டினார்கள், பத்திரிகைகள் எழுதின. 1973இல் அவரே புத்தகம் போட்டார்.

ஆனால் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கீதத்தின் மேல் அவர்களுக்கு விரோதமா? இல்லை. ஒவ்வொரு கூண்டிலும் செடிகள் கொஞ்சம்தான். ஒரு செடி வாடினாலே கணக்கு மாறிவிடும். கூண்டுக்குக் கூண்டு ஈரமும் வெக்கையும் ஒரே மாதிரி இருந்ததா என்று சந்தேகம். எது எந்தக் கூண்டு என்று தெரிந்தவரே அளந்தார். ராக் சங்கீதம் பிடிக்காதவர் அளந்தால், அவர் அறியாமலே அளவுகோல் சாயும். மாட்டுச் சந்தையில் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே மாட்டுக்கு வேறு வேறு வயசு சொல்கிறார்கள் இல்லையா? இரண்டு பேரும் பொய்யர் என்று அர்த்தமில்லை. கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும்.

எருப் போடாத ஒரு துண்டு

இந்தக் கோளாறுக்கு மருந்து கண்டுபிடித்தது விவசாயந்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1843இல் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் ஜான் லாஸ் என்ற நிலச்சொந்தக்காரர் தம் கோதுமை வயலைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒரு துண்டுக்குத் தொழு உரம், மற்றத் துண்டுகளுக்கு வெவ்வேறு ரசாயன உரம். ஒரு துண்டுக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. 'எருவே போடாமல் ஒரு துண்டை எதற்கு வீணாக்குகிறீர்கள்?' என்று யாரும் கேட்கலாம். அந்தத் துண்டுதான் தராசின் மறுதட்டு. அது இல்லாவிட்டால் மற்ற உரம் எத்தனை கொடுத்தது என்று சொல்லவே முடியாது. அந்தச் சோதனை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

நம் கோயம்புத்தூரிலும் அப்படி ஒன்று உண்டு. 1909இல் ஆரம்பித்த நிரந்தர உரச் சோதனை நூறு வருஷத்தைத் தாண்டி நடக்கிறது. தொழு உரம், ரசாயன உரம் போட்ட பாத்திகளோடு, எதுவுமே போடாத பாத்தியும் அதில் இருக்கிறது.

1919இல் ராதம்ஸ்டெட்டுக்குக் கணித நிபுணர் ரொனால்டு ஃபிஷர் வந்து சேர்ந்தார். எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை ஆள் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்றார். ஏன் என்றால், நமக்குப் பிடித்த உரத்தை நம் கை தானாகவே நல்ல துண்டுக்குக் கொண்டு போகும். அதோடு, ஒரே துண்டில் பார்த்தால் போதாது, பல துண்டுகளில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார். இந்த இரண்டு விதியும் இன்று மருந்து சோதிக்கிற ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது. புறப்பட்டது வயலிலிருந்து.

அப்படியானால் பயிருக்கு எதுதான் தெரியும்?

பாட்டின் ராகம் தெரியும் என்று சரியான சோதனை எதுவும் நிலைநாட்டவில்லை. ஆனால் அசைவு தெரியும். இது உறுதியாகிவிட்ட விஷயம்.

1971இல் கலிபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இரண்டு பேர், கண்ணாடி வீட்டுக்குள் காற்றுப் படாமல் இருந்த மரக்கன்றுகளில் பாதியைத் தினம் 30 விநாடி மட்டும் கையால் ஆட்டினார்கள். ஒரு மாதத்துக்குள், ஆட்டின கன்றுகள் ஆட்டாத கன்றுகள் வளர்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வளரவில்லை. ஆட்டம் கண்ட செடி உயரத்தைக் குறைத்துத் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். காற்றடிக்கிற மேட்டில் நிற்கிற மரம் குட்டையாக, அடி பருத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஜப்பான் விவசாயிகள் இதைக் கையனுபவத்தில் வெகு நாளாக அறிந்தவர்கள். குளிர்காலத்தில் கோதுமை, பார்லி இளம்பயிரை வரிசையாகக் காலால் மிதித்துக்கொண்டே போவார்கள். அதற்கு முகிபுமி என்று பேர். வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடிக்கும், தூர் கூடும், பயிர் சாயாது. நம் நெல்லில் போய் மிதித்துவிடாதீர்கள்! அது அந்தக் குளிருக்கும் அந்தப் பயிருக்கும் ஏற்பட்ட முறை.

நமக்கு ஆகிற முறை இரண்டு சொல்கிறேன். ஒன்று, மரக்கன்றுக்கு முட்டுக் கொடுக்கும்போது தண்டு அசைய முடியாதபடி இறுக்கிக் கட்டாதீர்கள். கொஞ்சம் ஆட இடம் விட்டுக் கட்டினால் தண்டு பருக்கும். இரண்டு, நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்கிற தக்காளி நாற்று சில சமயம் நெட்டையாக, சோகையாக நீண்டுவிடும். இலை காய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு வழவழப்பான குச்சியாலோ குழாயாலோ நுனியை மெல்லத் தடவினாற்போல் தினம் பத்து இருபது தடவை வருடிவிட்டால் நாற்று குட்டையாக, கெட்டியாக நிற்கும். ஈர இலையில் செய்தால் நோய் பரவும். அதனால் தண்ணீர் தெளித்தவுடன் வேண்டாம்.

அதிர்வு விஷயத்தில் புதிய ஆராய்ச்சியும் வந்திருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில், புழு இலையைக் கடிக்கும்போது உண்டாகிற நுண்ணிய அதிர்வைப் பதிவு செய்தார்கள். அந்த அதிர்வை மட்டும், புழு இல்லாமல், கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றின் இலையில் உண்டாக்கினார்கள். பிறகு நிஜப் புழுவை விட்டபோது, அந்தச் செடிகள் புழுவுக்கு ஆகாத காரச் சத்தை அதிகமாகச் சுரந்தன. காற்று அசைக்கிற அதிர்வுக்கு அப்படிச் சுரக்கவில்லை. புழுவின் கடியையும் காற்றின் ஆட்டத்தையும் செடி வேறுபடுத்தி அறிகிறது!

2019இல் இஸ்ரேல் நாட்டில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார், மாலையில் பூக்கிற ஒரு கடற்கரைச் செடிக்குத் தேனீயின் ரீங்காரத்தைப் போட்டார்கள். மூன்று நிமிஷத்துக்குள் பூவின் தேனில் இனிப்புக் கூடியது. 2023இல் அதே இடத்தில் தக்காளியிலும் புகையிலையிலும் இன்னொன்று கண்டார்கள். தண்ணீர் இல்லாமல் காய்கிற செடி மணிக்கு 30 முதல் 50 தடவை சொடுக்குப் போடுவது மாதிரி ஒலி எழுப்புகிறது. நல்ல நிலையில் இருக்கிற செடியில் மணிக்கு ஒன்றுகூட இல்லை. நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலி அது. பயிர் நம் பாட்டைக் கேட்கிறதா என்று இத்தனை காலம் பார்த்தோம். பயிரின் தாகத்தை நாம் கேட்க வழி உண்டா என்று இப்போது பார்க்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் ஜோடிச் செடி வைத்தவர்கள். சத்தம் இல்லாத செடி, வேறு சத்தம் கேட்ட செடி என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள். அதனால்தான் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கண்காட்சிக்குச் சோதனை கேட்டால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு தொட்டி போதாது, இருபது தொட்டி வேண்டும். தேங்காய்ச் சிரட்டையாக இருந்தாலும் சரி. ஒரே குவியல் மண், ஒரே கைப் பச்சைப்பயறு. சீட்டுக் குலுக்கிப் பத்துத் தொட்டியைப் பாட்டுக்கும் பத்தைச் சும்மாவுக்கும் பிரிக்கட்டும். தண்ணீர் ஒரே டம்ளரில் அளந்து விடட்டும். இரண்டு கூட்டத்துக்கும் வெயில் ஒரே மாதிரி விழ வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். ரேடியோப் பெட்டியின் சூடு செடியில் படக் கூடாது. அளக்கிறவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரியக் கூடாது. இன்னொரு பத்துத் தொட்டி சேர்த்து, பாட்டுக்குப் பதில் தினம் மெல்ல ஆட்டிவிட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். பாட்டுக்கு வித்தியாசம் வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதட்டும். அதுவும் ஒரு விடைதான்.

பெரியவர்களுக்கும் இதே பாடந்தான். கடையிலோ வாசலிலோ ஒருத்தர் புதுப் பாட்டிலைக் காட்டி, 'இதைத் தெளிச்சா விளைச்சல் ஒண்ணரை மடங்கு' என்கிறார். நாம் ஏழு ஏக்கருக்கும் வாங்கித் தெளிக்கிறோம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்கிறது, நன்றாக விளைகிறது. மழைக்கு விழ வேண்டிய மாலை பாட்டிலுக்கு விழுகிறது. அடுத்த வருஷமும் வாங்குகிறோம். மூன்றாவது வருஷம் கடன் வாங்கி வாங்குகிறோம். பக்கத்தில் தெளிக்காத துண்டு ஒன்று இருந்திருந்தால் முதல் வருஷமே உண்மை தெரிந்திருக்கும்.

எனவே புதிதாக எது வந்தாலும், உரமோ மருந்தோ விதையோ, ஒரே வயலில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகப் பாத்தி கட்டுங்கள். சீட்டுப் போட்டுப் பாதித் துண்டில் போடுங்கள், பாதித் துண்டைச் சும்மா விடுங்கள். வாய்க்கால் ஓரத் துண்டை மட்டும் தேர்ந்து எடுக்காதீர்கள். அறுத்ததைத் தனித்தனியாக நிறுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு போகம் பாருங்கள். அப்புறம் மற்ற நிலத்துக்குச் செலவழியுங்கள். நான் வானொலியில் சொல்கிறேன் என்பதற்காக என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் குழித்தட்டு நாற்றை வருடுகிற முறையையும் நாலு தட்டில் செய்து, நாலு தட்டைச் சும்மா விட்டே பாருங்கள்.

நாற்று நடும்போது பாடுகிற பாட்டை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாட்டு நடுகிறவர் இடுப்பு வலியை மறக்க வைக்கிறது, நடவு ஒரே சீராக நடக்க உதவுகிறது. பாட்டால் பயிருக்கு நன்மை உண்டென்றால், அது பாடுகிறவர் கை வழியாகத்தான் போகிறது. வயலில் பாடுங்கள், நன்றாகப் பாடுங்கள். ஆனால் விளைச்சல் கணக்கு எழுதும்போது, பக்கத்துப் பாத்தியையும் நிறுத்துவிட்டு எழுதுங்கள்.